வண்ணமும் எண்ணும்: மங்கும் மலைகளின் பெருக்குத்தொடர்

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து திரும்பிப் பார்த்தால், அருகிலுள்ள சரிவு கரும்பச்சையாகவும், அதற்கு அப்பாலுள்ள மலைமடிப்பு நீலம் தோய்ந்தும், அதனினும் தொலைவில் உள்ளவை படிப்படியாக வெளிறி வானத்தோடு கரைந்தும் தெரிகின்றன. காட்டின் பச்சை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. நிறத்தை மாற்றுவது இடையிலுள்ள காற்று.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைப் பல திசைகளிலும் திருப்பிவிடுவதை ஒளிச்சிதறல் என்பர். அதன் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று 1871இல் ராலே காட்டினார். அதன்படி 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. இந்தச் சிதறிய நீலமே தொலைமலையின் மீது படிந்து தோன்றுகிறது. மூடுபனியின் நீர்த்துளிகளோ அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால், பனி இறங்கிய நாளில் மெட்டு வெண்மையில் மூழ்குகிறது.

ஓவியருக்குத் தேவையான கணிதம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஒளி சம தூரங்களைக் கடக்கையில் சம அளவில் அன்றி, சம விகிதத்தில் குறைகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1729இல் விளக்கினார். மலைமடிப்புகள் சம இடைவெளியில் நிற்பதாகவும், ஒவ்வோர் இடைவெளியும் மலைநிறத்தில் நான்கில் ஒரு பங்கை நீக்கி அவ்விடத்தை வான்நிறத்தால் நிரப்புவதாகவும் கொண்டால், எஞ்சும் சொந்த நிறம் 3/4, 9/16, 27/64 என இறங்கும். முந்தைய எண்ணை ஒரே எண்ணால் பெருக்கி அடுத்ததைப் பெறும் இவ்வரிசையே பெருக்குத்தொடர். வண்ணத்தட்டில் இதைச் செய்வது எளிது: முதல் மலையின் வண்ணத்தில் மூன்று பங்கெடுத்து வான்வண்ணம் ஒரு பங்கு சேர்த்தால் இரண்டாம் மலை, அக்கலவையிலேயே மூன்று பங்கெடுத்து மீண்டும் ஒரு பங்கு சேர்த்தால் மூன்றாம் மலை. இவ்வாறன்றி ஒவ்வொரு முறையும் முதல் வண்ணத்தின் கால் பங்கையே கழித்துக்கொண்டு வந்தால், ஐந்தாம் மலைக்குப் பச்சையே மிஞ்சாது. பெருக்குத்தொடரோ ஒருபோதும் சுழியைத் தொடுவதில்லை. எனினும் மலைக்கும் வானுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்ணால் பிரித்தறிய இயலாது என்று 1924இல் கோஷ்மீடர் வகுத்த அளவுகோலின்படி, பதினான்கு இடைவெளிகளுக்குப் பின் மலை மறைந்துவிடும்.

ஒளிகளின் கலப்பு இவ்வாறு நேரான கூட்டலுக்கு உட்படும் என்பதை 1853இல் கிராஸ்மன் விதிகளாக்கினார். நிறமிகள், அதாவது வண்ணப்பொடிகள், அவ்விதிக்கு அடங்குவதில்லை. ஒளியை மிகுதியாக உறிஞ்சும் கருநிறமி சிறிதளவே இருந்தாலும் கலவையைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதை 1931இல் குபெல்காவும் முங்க்கும் அமைத்த சமன்பாடுகள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஆகவே போஸ்டர் கலரில் மூன்றுக்கு ஒன்று எனக் கலந்தால் மலை எதிர்பார்த்ததைவிடக் கருமையாகவே நிற்கும். வாசகர்கள் வான்வண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தங்கள் வண்ணத்துக்குப் பொருந்தும் விகிதத்தை முதல் இரு மலைகளிலேயே கண்டறிந்துகொண்டு, பின்னர் அதை மாற்றாமல் கடைசி மலைவரை தீட்டிப் பார்க்க வேண்டும்.