கோப்பு மீட்புக் காவல்: வேண்டுமா, வேண்டாமா?

எழுத்தை நிலைபெறச் செய்தற்கு நம் முன்னோர் இரு வழி கண்டனர். ஒன்று கல்லில் வெட்டுதல். மற்றொன்று ஓலையில் எழுதிப் படியெடுத்தல். திரியாய்ப் பாறையிலே கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. ஓலையோ செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. ஆயினும் சங்க நூல்கள் ஓலை வழியாகவே நம் கைக்கு வந்தன. ஓலை நெடுநாள் வாழ்ந்ததனால் அன்று; படியெடுப்போர் கை ஓயாததனால் அவை பிழைத்தன. கணினியில் நாம் எழுதி வைக்கும் கோப்பு கல்லின் இனமன்று, ஓலையின் இனமே. இதனை மனத்திற் கொண்டு, ஆசிரியரும் பழைய மாணவரும் அடிக்கடி வினவும் ஒரு வினாவை ஈண்டு ஆராய்வோம்.

வைரஸ் கார்ட் என நாம் வழக்கிற் கூறும் நச்சுநிரற் காப்பு மென்பொருள்கள் பலவற்றில், கோப்புகளை மீட்டுத் தரும் பகுதி ஒன்று உண்டு. அது கணினியைத் தாமதப்படுத்துகின்றது, வட்டில் இடத்தைப் பிடிக்கின்றது, நல்ல மென்பொருளையும் சில வேளை தடுக்கின்றது என்பர் சிலர். ஆதலின் அதனை நிறுத்திவிடலாமா என்பதே வினா.

இப்பகுதி எப்பகைக்கு எதிராக அமைந்தது என முதலில் அறிதல் வேண்டும். ரான்சம்வெயார் எனப்படும் நச்சுநிரல், கப்பம் கேட்கும் கள்வனை ஒத்தது. மின்னஞ்சல் இணைப்பு வழியாகவோ, திருத்தப்படாத மென்பொருளின் ஓட்டை வழியாகவோ அது உள்ளே நுழையும். கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டும். திறவுகோலுக்குப் பணம் கேட்கும். பணம் கொடுத்தாலும் கோப்பு மீளும் என்பதற்கு உறுதியில்லை.

மீட்புப் பகுதி தொழிற்படும் முறை எளியது. அறிமுகமில்லாத ஒரு நிரல் குறுகிய நேரத்திற் பல கோப்புகளை மாற்றத் தொடங்கினால், காப்பு மென்பொருள் அதனை ஐயுறும். மாற்றம் நிகழுமுன் கோப்பின் படியொன்றைத் தனியிடத்தில் வைக்கும். ஐயம் உறுதியானதும் அந்நிரலை நிறுத்தி, பழைய படியை மீண்டும் உரிய இடத்திற் சேர்க்கும். இதற்கு உறவான மற்றொரு காவலை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டு விண்டோஸ் 10இற் சேர்த்தது. அது நாம் குறித்த கோப்புறைகளில் நம்பிக்கையற்ற நிரல்கள் கைவைக்காமல் தடுப்பது. வீட்டுக் கணினியில் அது தானாக இயங்குவதில்லை. உரிமையாளரே அதனை இயக்கி வைத்தல் வேண்டும்.

இனித் தடைகளை நோக்குவோம். பழைய கணினியில் வேகம் சிறிது குறைதல் உண்மையே. எனினும் முழுப் பரிசோதனையைக் கணினி ஓய்ந்திருக்கும் வேளைக்கு ஒதுக்கினால் அக்குறை பெரிதும் நீங்கும். நல்ல மென்பொருள் ஒன்று தடுக்கப்படின், அது நம்பத்தக்க இடத்திலிருந்து பெறப்பட்டதா என ஆராய்ந்து, அதற்கு மட்டும் விலக்கு அளித்தல் முறை. ஒரு விருந்தினர் பொருட்டு வாயிற்கதவைக் கழற்றி வைப்பார் உளரோ? ஆதலின் மீட்புப் பகுதியை இயக்கத்தில் வைத்திருப்பதே தக்கது என்பது எம் துணிபு.

ஆயின் அதனை மட்டும் நம்பியிருத்தல் பேதைமை. வட்டுப் பழுதடைந்தாலோ கணினி களவு போனாலோ, உள்ளிருக்கும் படியும் உடன் போகும். நுழைந்த நச்சுநிரல் நிருவாகி உரிமையைப் பெறின், காவலையே நிறுத்தவும் வல்லது. 2017ஆம் ஆண்டு மே 12இற் பரவத் தொடங்கிய வன்னாகிரை, ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் தடுமாறச் செய்தது. விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் நிழற்படிகளை அழிப்பதும் அதன் தொழில்களுள் ஒன்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மேகக் கணினியமைப்பு இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைப்பு மீண்டும் இயங்கியது; ஆனால் அக்காலத்துக்குரிய, வலையினின்று பிரித்து வைத்த காப்புப்படி இல்லை. மென்பொருளும் காலங்கடந்த பதிப்பாக இருந்தது. பெரிய காவல் உடைய அரசுக்கே இந்நிலை எனின், ஒரு பாடசாலை அலுவலகத்தின் நிலையை எண்ணிப் பார்க்க.

எனவே துறையறிந்தோர் கூறும் 3-2-1 என்னும் விதி நமக்கும் பொருந்தும். ஒரு கோப்புக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வெளி வன்தட்டைப் படியெடுத்து முடிந்ததும் கழற்றி வைத்தல் இன்றியமையாதது. செருகியபடியே கிடக்கும் வன்தட்டையும் நச்சுநிரல் பூட்டிவிடும். வேறிடத்துப் படிக்கு நமக்கு வழி எளிது. கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் நம் பழைய மாணவர் உளர். எடுத்த படி திறக்கின்றதா என இடையிடையே சோதித்தலும் கடன்.

போரினாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையாலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, அலுவலகம் தோறும் அலைந்தோர் நம் மாவட்டத்திற் பலர். ஒரு தாள் இல்லாமையால் ஒரு குடும்பம் படும் பாட்டை திரியாய் மக்களுக்கு யாம் எடுத்துரைத்தல் மிகை. இன்று அத்தாள்களும், பாடசாலைப் பதிவேடுகளும், கோயிற் கணக்குகளும் கணினியில் ஏறி வருகின்றன. தாளுக்கு நேர்ந்தது கோப்புக்கும் நேராதவாறு காத்தல் நம் தலைமுறையின் பொறுப்பு. காவலை அணைக்காதீர், படியெடுத்தலை நிறுத்தாதீர்.