சேய்மையிலிருந்து வழிப்படுத்தியைப் புதுக்குதல்

தானிருக்கும் கொப்பையே அடியில் தறிப்பவனுடைய கதையைச் சிறுவயதிற் கேட்டு நகையாதார் இலர். கிளைக் காரியாலயமொன்றிலுள்ள வழிப்படுத்தியின் மென்பொருளைத் தலைமைக் காரியாலயத்தில் இருந்தவாறே மாற்ற முற்படும் பொறியியலாளரும் அத்தகைய கொப்பின்மீதே இருக்கின்றார். ஆயின் அவர் செய்வது பேதைமையன்று. கிளைதோறும் ஆளனுப்ப இயலாமையால் வந்த தொழில்.

ரவுட்டர் எனப் பலரும் அறிந்த வழிப்படுத்தி, கிளையிலுள்ள கணினிகளுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே நின்று, தரவுப் பொதிகளை அவ்வவற்றுக்குரிய திசையிற் செலுத்துங் கருவியாகும். அதுவும் ஒரு கணினியே. அதனை இயக்கும் மென்பொருளிற் பாதுகாப்புக் குறைகள் காலத்துக்குக் காலம் வெளிப்படுதலால், புதிய பதிப்பை இடுதல் தவிர்க்கவொண்ணாதது. இடர் யாதெனின், பொறியியலாளரின் கட்டளைகள் கிளையை அடையும் பாதை அவ்வழிப்படுத்தியின் ஊடாகவே செல்கின்றது. அது மீண்டும் எழாதொழியின், கிளையின் வேலை நிற்பதோடு, திருத்த வேண்டிய கையும் கட்டுண்டுவிடும்.

கோப்பை அனுப்புதற்கு நெடுங்காலம் வழங்கிய முறை ரி.எப்.ரி.பி. என்னும் எளிய நெறிமுறையாகும். அது கோப்பை 512 பைற்றுக் கொண்ட துண்டுகளாக்கி, ஒரு துண்டு கிடைத்ததென மறுமொழி வந்த பின்னரே அடுத்ததை விடும். ஒரே கட்டடத்துள் இது குறையன்று. நெடுந்தொலைவிலோ, போய்வரச் செக்கனிற் பத்திலொரு பங்கு செல்லுமெனின், செக்கனொன்றுக்குப் பத்துத் துண்டுகளே சேரும். அஃதாவது ஏறத்தாழ 5 கிலோபைற்று. இணைப்பு எத்துணை விரிவுடையதாயினும் பயனில்லை. 30 மெகாபைற்றுக் கோப்பொன்று இவ்வாறு சேர 100 நிமிடத்துக்கு மேலாகும். அன்றியும், துண்டுகளுக்கு இடும் இலக்கம் 16 பிற்று மாத்திரமாதலால், 32 மெகாபைற்றை அண்மியதும் அவ்விலக்கம் தீர்ந்துபோகும். ஆகவே பெரிய கோப்புகளுக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் மறுமொழி பார்த்து நில்லாத எப்.ரி.பி., எஸ்.சி.பி. ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன.

வந்த கோப்பை அப்படியே நம்பலாகாது. அதிலிருந்து கணித்துப் பெறும் சுருக்க எண்ணை, ஆக்கியோர் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடல் வேண்டும். ஒரு பிற்று மாறினும் எண் வேறாகிவிடும்.

எமது கருத்தின்படி, இத்தொழிலில் மிக இக்கட்டான வேளை, கருவியை மீளத் தொடக்கும் வேளையன்று. இடம் போதாமையாற் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியது முற்றாக வந்துசேராது நிற்கும் வேளையே. பழைய 2500 வரிசைச் சிஸ்கோ வழிப்படுத்திகள் இதனிலும் சங்கடமானவை. அவை தம் மென்பொருளைப் பிளாஷ் நினைவகத்தில் வைத்தே இயக்கின. இயங்கும்போது அந்நினைவகத்தில் எழுத இயலாது. ஆதலாற் கருவி, வாசிப்பு மட்டும் நினைவகத்திலுள்ள சிறு நிரலுக்கு இறங்கி, அங்கிருந்து புதிய கோப்பைப் பெற்று, மீண்டும் ஏறவேண்டும். அவ்விடைவெளியிற் பொறியியலாளரின் தொடர்பு அறுந்துவிடும். பின்வந்த கருவிகள் மென்பொருளைத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றி இயக்குதலால் இத்தொல்லை ஒழிந்தது. எனினும் பிளாஷ் வெறுமையாயிருக்கும்போது மின் தடைப்படின் நிலைமை முன்னையதே. இடமுளதேற் பழைய பதிப்பையும் அருகே வைத்து, முதலாவது கோப்பை ஏற்ற இயலாவிடின் இரண்டாவதை ஏற்றுமாறு வரிசைப்படுத்திக் கட்டளையிடல் வேண்டும்.

புதிய பதிப்பு ஏறியும் பிழையாக இயங்கின் என் செய்வது? சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. மென்பொருளில் இதற்கொரு காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் பொறியியலாளர் மீண்டும் உட்புகுந்து உறுதி செய்யாராயின், கருவி தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பும். அமைவடிவத்தை மாத்திரம் மாற்றுவோரும் இவ்வுத்தியை அறிவர். "15 நிமிடத்தில் மீளத் தொடங்குக" என முன்னரே கட்டளையிட்டுவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காது செய்வர். தொடர்பு அறுந்தாற் கருவி பழைய அமைவடிவத்தோடு எழும். அறாவிடின் கட்டளையை நீக்கிவிட்டுச் சேமிப்பர்.

இவற்றுக்கு மேலாகத் தொலைபேசி மோடமோ செல்லிட வலையமைப்போ கொண்டு வேறொரு பாதை வைத்திருத்தலும் வழக்கம். ஆனால் 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி, பேஸ்புக் நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு, பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் முற்றாக அறுந்தபொழுது, அத்தகைய மாற்றுப் பாதையும் இயங்கவில்லை. பொறியியலாளர் தரவு நிலையங்களுக்கு நேரிற் செல்ல நேர்ந்தது. சேவை மீள ஏறக்குறைய 6 மணிநேரஞ் சென்றது. ஆகவே மாற்றுப் பாதையினூடே ஒருமுறை உட்புகுந்து பார்த்த பின்னரே மீளத் தொடக்கும் கட்டளையை இடுதல் நன்று.

கட்டளை சென்றபின் திரை உறைந்துவிடும். கருவி மீண்டெழச் சில நிமிடங்களாகும். அந்நிமிடங்களிற் செய்யக்கூடியது, "உளாயோ" எனச் செக்கனுக்கொருமுறை அதனை வினவி மறுமொழிக்குக் காத்திருத்தல் ஒன்றே.