மாலை போட்ட சாமிக்கு ஏன் நடுக்கம்?

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். கேரளம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் இது உண்டு. 41 நாள் விரதம். கறி கிடையாது, குடி கிடையாது. தினமும் குடித்தவர்கூட அன்றே நிறுத்திவிடுகிறார்.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் பல வருடமாக நிறையக் குடித்தவரின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் இல்லாததைக் கண்டு பிதற்றுவார்கள். வீட்டில் பயந்துபோய், "சாமி குத்தம்" என்பார்கள். விரதத்தில் என்ன குறை என்று தேடுவார்கள்.

இது சாமி குத்தம் இல்லை. நோய். உயிரே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு மருந்து இருக்கிறது. மாலை போடும் முன்பே டாக்டரைப் பார்ப்பது இன்னும் நல்லது.

சரி, மாலையைக் கழற்றிய பிறகு?

41 நாளும் மனைவி, பிள்ளைகூட அவரைச் "சாமி" என்றார்கள். விடியலில் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே நாலு பேர். கழற்றியதும் எல்லாம் போய்விடுகிறது. பழைய கூட்டாளிகள்தான் மிச்சம்.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று ஒரு சங்கம் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கினார்கள். இந்தியாவிலும் பல ஊர்களில் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை. மதம் கேட்பதில்லை. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். அங்கே 41 நாள் கணக்கு கிடையாது. "இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்" என்பதே கணக்கு. மறுநாளும் அதே.

மாலை கழற்றிய அன்று சாயங்காலமே அங்கே போய் உட்காரலாம்.