வாழைப்பழ அறையைக் காக்கும் குட்டி கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வரும். இவை இல்லாத கம்ப்யூட்டர்களும் உண்டு. கேஸ் டிடெக்‌ஷன் கன்ட்ரோல் மாட்யூல் அவற்றில் ஒன்று. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சின்னமனூர், கம்பம் பகுதி ஜி-9 வாழைத்தார்கள் காயாகத்தான் லாரியில் ஏறுகின்றன. நவீன அறைகளில் எத்திலீன் வாயு செலுத்தி அவற்றைப் பழுக்க வைக்கிறார்கள். கார்பைடு கல்லுக்குத் தடை உள்ளது. எத்திலீனை 100 பிபிஎம் வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எத்திலீன் தீப்பற்றக் கூடியது. காற்றில் 2.7 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழுக்கும் காய் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். இது 1 சதவீதத்தைத் தாண்டினால் பழுப்பது தாமதமாகும். 4 சதவீதம் ஆனால் உள்ளே நுழைபவரின் உயிருக்கே ஆபத்து. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எனவே கருவிதான் சொல்ல வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

நம் பிசி போலவே இதிலும் இன்புட், பிராசஸிங், அவுட்புட் உண்டு. சென்சார் இன்புட். அது வாயுவின் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்சாரமாக மாற்றி அனுப்பும். வாயுவே இல்லையென்றாலும் 4 வரும். ஏன் 0 இல்லை? வயர் அறுந்தால்தான் 0 வரும். அப்போது மாட்யூல் மஞ்சள் 'ஃபால்ட்' விளக்கை எரியவிடும். 5 சதவீதம் வரை அளக்கும் சென்சாரில் 1 சதவீதத்துக்கு 7.2 மில்லி ஆம்பியர் வரும். வைத்த அளவைத் தாண்டியதும் ரிலே இயங்கி, சைரன் ஒலிக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் சுழலும்.

பராமரிப்பு

1. ஆன் செய்ததும் சென்சார் தயாராகும் வரை பொறுங்கள். விண்டோஸ் பூட் ஆவது போலத்தான் இதுவும்.

2. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் சுமார் 400 பிபிஎம் காட்ட வேண்டும். 0 காட்டினால் அளவு தவறு. நைட்ரஜன் வைத்து ஜீரோவையும், அளவு தெரிந்த சிலிண்டர் வாயு வைத்து ஸ்பேனையும் சரிசெய்ய வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் இதைச் செய்யுங்கள்.

3. அறையைக் கழுவும்போது சென்சாரை கவரால் மூடுவார்கள். கழுவி முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மூடிய சென்சார் எப்போதும் 'சேஃப்' என்றுதான் சொல்லும்!

4. மாட்யூலை யுபிஎஸ்ஸில் இணையுங்கள். கரண்ட் போனாலும் காய் மூச்சு விடுவதை நிறுத்தாது.

5. 'மியூட்' அழுத்தினால் சத்தம்தான் நிற்கும், வாயு குறையாது. கதவைத் திறந்து, ஃபேன் ஓடி, அளவு இறங்கிய பிறகே உள்ளே போகலாம்.

வீட்டு சமையல் கேஸ் டிடெக்டருக்கும் இதே பாடம்தான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. எனவே அதைத் தரைக்கு அருகில் மாட்டுங்கள். டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.