ரைபிள் குழலின் முறுக்கு வீதம்: நெடுந்தொலைவு வேட்டைத் துப்பாக்கிக்குத் தேர்வு செய்வது எப்படி?

ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுமரை போலச் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களுக்குப் புரி என்று பெயர். ஒரு புரி முழுச் சுற்றொன்றை முடிக்கக் குழலில் எவ்வளவு நீளம் எடுத்துக்கொள்கிறதோ, அதுவே அக்குழலின் முறுக்கு வீதம். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 1:10 என்று எழுதுவார்கள். இரண்டாவது எண் குறையக் குறைய முறுக்கு கூடும். 1:8 குழல் 1:12 குழலைவிடக் குண்டை வேகமாகச் சுழற்றும். இக்கட்டுரையில் குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து செல்லும் உலோகத் துண்டு மட்டுமே. பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு மூன்றும் சேர்ந்ததே தோட்டா.

நீண்டு கூர்மையான குண்டு பறக்கும்போது காற்றின் அழுத்தம் அதன் எடைமையத்துக்கு முன்னால் விழுகிறது. ஆகவே காற்று எப்போதும் அதைக் குப்புறத் தள்ளவே பார்க்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழற்சிதான் குண்டின் மூக்கை முன்னோக்கி வைத்திருக்கிறது. விநாடிக்கு 3000 அடி வேகத்தில் 1:10 குழலிலிருந்து வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு 2,16,000 முறை சுழல்கிறது. இந்தச் சுழற்சி போதாவிட்டால் குண்டு தள்ளாடும். மிகவும் போதாவிட்டால் பக்கவாட்டில் புரண்டு, இலக்குத் தாளில் வட்டத்துக்குப் பதில் சாவித்துவாரம் போன்ற நீள்துளையைப் போடும். தள்ளாடும் குண்டைக் காற்று கூடுதலாக ஒதுக்கும். விலங்கின் மேல் மூக்கு முன்னாகப் படாத வேட்டைக் குண்டு விரியாமலும் போகலாம். அப்படிப்பட்ட குண்டால் மான் உடனே சாகாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடும்.

ஒரே ஆண்டில் வந்த இரு தோட்டாக்கள்

முறுக்கைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சான்று உண்டு. 1955இல் வின்செஸ்டர் நிறுவனம் .243 தோட்டாவையும், ரெமிங்டன் நிறுவனம் .244 தோட்டாவையும் வெளியிட்டன. பெயர் வேறானாலும் இரண்டின் குண்டும் ஒரே விட்டம், 0.243 அங்குலம். ரெமிங்டனின் கூட்டில் மருந்துக்குச் சற்றுக் கூடுதல் இடமும் இருந்தது. ஆனால் அந்நிறுவனம் பயிரழிக்கும் சிறு விலங்குகளைச் சுடுவோரை மனத்தில் கொண்டு, 75, 90 கிரெயின் குண்டுகளுக்குப் போதும் என்று 1:12 முறுக்கை வைத்தது. வின்செஸ்டர் 1:10 வைத்து, 80 கிரெயினோடு 100 கிரெயின் குண்டையும் விற்றது. வாங்குவோருக்கு வேண்டியதோ சிறு விலங்குக்கும் மானுக்கும் உதவும் ஒரே துப்பாக்கி. .243 நிலைத்தது. ரெமிங்டன் பிறகு முறுக்கை 1:9 ஆக்கி, 1963இல் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. ரெமிங்டன் என்று புதுப்பெயரும் வைத்தது. இழந்த இடம் திரும்பவில்லை.

எடையல்ல, நீளம்

கடைப்பேச்சில் "கனமான குண்டுக்கு வேகமான முறுக்கு" என்பார்கள். விட்டம், பொருள், வடிவம் மூன்றும் ஒன்றாக இருக்கும்வரை அது சரி. உண்மையில் கணக்குக்கு வருவது குண்டின் நீளம். இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாமே அங்குலத்தில். வேகம் விநாடிக்கு 2800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதில் 180. ஓர் அங்குல நீளமுள்ள 0.243 குண்டுக்கு இதைப் போட்டால் விடை ஏறத்தாழ 10.6. வின்செஸ்டரின் 1:10 அதற்குப் போதும், 1:12 போதாது.

கிரீன்ஹில் காலத்துக் குண்டு இன்றைய ஊசிமூக்குக் குண்டு அல்ல. அதனால் இப்போது பலரும் 2005இல் டான் மில்லர் வெளியிட்ட விதியைக் கொண்டு நிலைப்புக் காரணி என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அது 1க்குக் கீழே போனால் குண்டு புரளும். 1க்கும் 1.5க்கும் இடையில் பறக்கும், ஆனால் காற்றைக் கிழிக்கும் திறனில் கொஞ்சம் இழக்கும். நெடுந்தொலைவுக்கு 1.5ஐ இலக்காக வைப்பதே வழக்கம். முறுக்கின் விளைவு இதில் வர்க்கமாக ஏறும்: 1:10இலிருந்து 1:8க்குப் போனால் காரணி 1.56 மடங்காகிறது. பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுக்கு ஓர் எச்சரிக்கை. மில்லரின் பழைய விதி அந்த முனையையும் உலோகமாக எண்ணி, உள்ளதைவிடக் குறைந்த காரணியைக் காட்டும்.

குளிரும் உயரமும்

வேட்டைக்காரர் துப்பாக்கியைச் சோதிப்பது பெரும்பாலும் கோடையில், வேட்டையாடுவது குளிரில். காற்றழுத்தம் மாறாதிருக்க, வெப்பநிலை 30 பாகையிலிருந்து சுழிக்குக் கீழே 20 பாகை செல்சியசுக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 20 விழுக்காடு கூடுகிறது. கோடையில் 1.5 காட்டிய குண்டு அப்போது 1.25ல் நிற்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்16 துப்பாக்கியும் முதலில் 1:14 முறுக்கோடுதான் வந்தது. கடுங்குளிரில் குண்டு தடுமாறியதால் 1:12 ஆக்கினார்கள். உயரம் இதற்கு நேர்மாறு. 3000 மீட்டர் மலையில் காற்று மெலிந்திருப்பதால் அதே 1.5, 2 வரை ஏறும். மலையில் நன்றாகச் சுட்ட துப்பாக்கி குளிர்காலச் சமவெளியில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்புக் குண்டு

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டுள்ளது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தது இதன் பின்னணி. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. ஆக அதே எடைக்குச் செம்புக் குண்டு நீண்டுவிடுகிறது. பழைய 1:10 குழலில் வழக்கமான எடையிலேயே செம்பு வாங்கியவர் அது நிலைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு படி இலேசான குண்டுக்கு இறங்க வேண்டும். 1925இல் வந்த .270 வின்செஸ்டருக்கும் 2021இல் வந்த 6.8 வெஸ்டர்னுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. முன்னதற்கு வழக்கம் 1:10. 165 முதல் 175 கிரெயின் வரையான நீண்ட குண்டுகளுக்காக வந்த பின்னதற்கு 1:8 அல்லது 1:7.5.

அப்படியானால் எப்போதும் வேகமான முறுக்கே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஓரளவு அது சரிதான். மிகை முறுக்கின் தீங்கு குறை முறுக்கின் தீங்கைவிடச் சிறியது. ஆனால் மெல்லிய உறை கொண்ட இலேசான குண்டு மிகுந்த வேகத்தில் சுழன்றால் பறக்கும்போதே சிதறக்கூடும். குண்டின் வார்ப்பில் உள்ள சிறு சமனின்மையும் சுழற்சியோடு பெருகித் துல்லியத்தைக் கெடுக்கும்.

சொல்லிச் செய்யும் துப்பாக்கியில் குழலை முதலில் வாங்கிவிட்டுக் குண்டைப் பிறகு தேடுவது தலைகீழ் வேலை. எந்த விலங்கு, எந்த நிலம், எந்த மாதம் என்று முடிவு செய்து, சுட நினைக்கும் குண்டுகளுள் மிக நீண்டதை எடுத்து, அங்கு வரக்கூடிய மிகக் குளிர்ந்த நாளுக்குக் காரணியைக் கணக்கிட்டு, அதற்கேற்ற முறுக்கைக் குழல் செய்பவரிடம் சொல்ல வேண்டும். கைக்கு வந்த குழலைச் சோதிப்பது எளிது. தோட்டா ஏதும் இல்லை என்று உறுதி செய்தபின், தானே சுழலும் பிடியுள்ள துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே விட்டு, கம்பியில் ஓர் அடையாளம் இட வேண்டும். மெல்லத் தள்ளினால் கம்பி புரியோடு சேர்ந்து திரும்பும். அடையாளம் ஒரு முழுச் சுற்று வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ, அதுவே அந்தக் குழலின் முறுக்கு.