இடது தடம் யாருக்கு?

நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். தடத்தின் நடுவில் நூல் பிடித்தாற்போல அது போனாலும் இரண்டு பக்கமும் அரை மீட்டர்தான் மிஞ்சும். ஒரு மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரே முக்கால் மீட்டர் இருக்கும். ஆக, ஒரே தடத்தில் டிரெய்லரும் பைக்கும் பக்கத்தில் பக்கத்தில் போக இடமே கிடையாது. ஆனாலும் மாதவரம் இருநூறடி ரோட்டிலும் மணலி சாலையிலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், நாற்பதடி கன்டெய்னருக்கும் மீடியனுக்கும் நடுவே பைக்குகள் வரிசையாக நுழைந்துகொண்டிருக்கும்.

வட சென்னையின் பெரம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் பணிமனைகள் என்று ஊரின் அடையாளமே தண்டவாளத்தோடு பிணைந்தது. ஆனால் இன்றைய பெரம்பூர்க்காரர் பலருக்குப் பிழைப்பு சாலை வழியாகத்தான். மூலக்கடை ஏறி ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம், அப்படியே கும்மிடிப்பூண்டி சிப்காட். கிழக்கே கொடுங்கையூர் வழியாகப் போனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். வடகிழக்கே திரும்பினால் மணலி சுத்திகரிப்பு ஆலையும் எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலையும். எந்தப் பக்கம் போனாலும் சில கிலோமீட்டரிலேயே கனரக வண்டிகளின் உலகத்துக்குள் நுழைந்தாக வேண்டும்.

அந்த உலகம் ஒரே நாளில் வந்ததல்ல. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் திறந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. ஒரு சிறிய கடற்கரைத் துண்டில் மூன்று துறைமுகங்கள். அவற்றுக்குப் போகும் பெட்டிகளையும் வரும் பெட்டிகளையும் வைத்துப் பிரிக்கும் கிடங்குகள் மாதவரம், மணலி, மாத்தூர் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கின்றன. துறைமுகத்தில் இருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை போட 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை பாதியில் நின்றது. இரண்டடுக்குச் சாலையாகத் திட்டத்தை மாற்றி 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளும் அந்தப் பெட்டிகள் எல்லாம் பள்ளிக்கூட வேனும் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் போகும் அதே சாலைகளில்தான் போயின.

இந்தச் சாலைகளில் தட ஒழுங்கு இல்லை என்று சொல்வது சுலபம். ஏன் இல்லை என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

விதி சின்னதுதான்: இடப்பக்கமாகப் போ, வலப்பக்கமாக முந்து, முந்தியதும் இடப்பக்கம் திரும்பி வா. மெதுவாகப் போகும் கனரக வண்டிக்கு இடது தடம். வலது ஓரத் தடம் முந்துவதற்கு மட்டும். 2017-இல் வந்த மத்திய அரசின் ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளின் அடிப்படையும் இதுதான். ஆனால் லாரி ஓட்டுநர் ஏன் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகிறார்? இடது தடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே வரிசையாக வேறு டிரெய்லர்கள் நிற்கின்றன. துறைமுக கேட்டுக்கோ கிடங்குக்கோ முறை வரும் வரை காத்திருக்கும் வண்டிகள் அவை. அவற்றைத் தாண்டினால் பஸ் நிறுத்தம், பஸ்ஸுக்கு முன்னால் ஷேர் ஆட்டோ, மழை நின்று ஒரு வாரம் ஆகியும் தண்ணீர் வற்றாத பள்ளம், யு டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் ஏறி வரும் ஒரு ஸ்கூட்டர். நாற்பது டன் எடையை இழுத்துக்கொண்டு வருபவர் இதற்குள் பிரேக் போட்டுப் போட்டு எடுக்க முடியாது. ஆகவே வலது பக்கம் ஏறிவிடுகிறார். ஏறியவர் இறங்குவதில்லை.

லாரி வலது பக்கத்தை அடைத்ததும் பின்னால் வரும் கார் இடப்பக்கமாக முந்துகிறது. காருக்கும் இடமில்லாதபோது பைக் சந்தில் நுழைகிறது. ஒழுங்கு குலைவது எல்லாம் அந்த முதல் புள்ளியில்தான், நின்றுகொண்டிருக்கும் வண்டி விழுங்கிய இடது தடத்தில். ஓட்டுநர்களை மட்டும் திட்டித் தீர்ப்பதில் நியாயமில்லை. தடத்தை ஒழுங்காகக் கொடுக்காமல் தட ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

நிற்கும் வண்டி இரவில் இன்னும் கொடியது. சாலையில் ஆபத்தான முறையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு சொல்கிறது. கனரக வண்டியின் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் பட்டைகள் ஒட்ட வேண்டும் என்பதும் விதி. புழுதியும் எண்ணெயும் படிந்து கறுத்துப்போன பட்டை எதையும் ஒளிர்விக்காது. பார்க்கிங் லைட்டை அணைத்துவிட்டு ஓட்டுநர் கேபினில் தூங்குகிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பைக்காரருக்கு எதிரே வரும் வண்டியின் ஹைபீம் கண்ணைக் கூசவைக்கிறது. கருநிறப் பெட்டி தெரியும்போது இடைவெளி தீர்ந்திருக்கும். 2022-இல் இந்தியாவில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னால் போய் மோதியவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

டிரெய்லர் எப்படித் திரும்புகிறது என்பதை வட சென்னையில் பைக் ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை. அங்கே பைக்குக்கு எட்டு போட வேண்டும், காருக்கு எச் போட வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பதடி டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். காரணம், திருப்பத்தில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியே வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வலப்பக்கம் ஒதுங்காமல் திரும்பினால் பின்சக்கரம் நடைபாதை மேலேயே ஏறிவிடும். அது ஒதுங்கும் அந்த நேரத்தில் இடப்பக்கம் பெரிய இடைவெளி திறக்கிறது. பின்னால் வரும் பைக்காரர் அதைப் பார்த்து, ‘லாரி ரைட்ல போகுது, நாம லெஃப்ட்ல போயிடலாம்’ என்று நுழைகிறார். அடுத்த சில நொடிகளில் அந்த இடைவெளி மூடுகிறது. முன்கேபின் திரும்பிவிட்டதால் இடப்பக்கக் கண்ணாடியில் ஓட்டுநருக்குத் தெரிவது தன் பெட்டியின் சுவர் மட்டுமே. பைக் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. மணலி எம்.எஃப்.எல். சந்திப்பு, மாதவரம் ரவுண்டானா போன்ற இடங்களில் டிரெய்லர் திரும்பும்போது அதன் இடப்பக்கம் யாரும் இருக்கக் கூடாது. அது வலப்பக்கம் சாய்ந்தாலும், இடப்பக்க இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே நிற்பதுதான் உயிருக்கு உத்தரவாதம். நேராகப் போகும்போதும் இதே கதைதான். டிரெய்லரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நம்மை அவரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இண்டிகேட்டர் விஷயத்தில் நம் சாலைகளில் தனியொரு மொழியே இருக்கிறது. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ‘முந்திப் போ’ என்று பொருள். வலது இண்டிகேட்டரைப் போட்டால் ‘எதிரே வண்டி வருது, வராதே’ என்று பொருள். கிளீனர் கையை நீட்டித் தட்டுவதும் இதில் சேர்த்தி. ஒற்றைத் தடச் சாலைகள் இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். நான்கு வழி, ஆறு வழிச் சாலையில் இது குழப்பத்தைத்தான் தருகிறது: இடது இண்டிகேட்டர் போட்ட லாரி வழிவிடுகிறதா, தடம் மாறுகிறதா, சர்வீஸ் ரோட்டில் இறங்கப்போகிறதா? மூன்றுக்கும் ஒரே விளக்கு. தடம் மாறுவதற்கும் திரும்புவதற்கும் மட்டும் இண்டிகேட்டர் என்ற பழக்கத்துக்கு லாரிக்காரரும் கார்க்காரரும் வந்துதான் ஆக வேண்டும்.

அதைவிட மோசமான பழக்கம், சந்திப்பில் நேராகப் போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுவது. இதைப் படித்தவர்களே செய்கிறார்கள். வண்டியின் இடப்பக்கம் நிற்பவருக்கு அதில் இடது விளக்கு மட்டுமே தெரியும். வண்டி தன் பக்கம் திரும்பப்போகிறது என்று நினைப்பார். வலப்பக்கம் நிற்பவர் நேர்மாறாக நினைப்பார். வண்டி பழுதாகி நிற்கும்போது போட வேண்டிய விளக்கு அது. நேராகப் போகிறவர் எந்த விளக்கையும் போட வேண்டியதில்லை.

அடுத்தது இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். 80 கிலோமீட்டர் என்றால் 22 மீட்டர். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ண வேண்டும்; எண்ணி முடிக்கும் முன் நாம் அந்தக் கம்பத்தை எட்டினால் ரொம்ப நெருங்கிவிட்டோம். மழையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். காற்று பிரேக் உள்ள கனரக வண்டியில், பெடலை மிதித்த பிறகு காற்றழுத்தம் சக்கரத்தை எட்டவே ஒரு கணம் பிடிக்கும். அந்த வண்டிக்கு முன்னால் கட் அடித்துத் தடம் மாறுகிற காரோ ஆட்டோவோ, லாரிக்காரர் தனக்காகச் சேர்த்துவைத்த பிரேக் தூரத்தைத் திருடிக்கொள்கிறது. அவர் ஹாரன் அடித்தால் கோபப்படுவதில் பொருளில்லை.

சட்டத்தில் பல் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-வது பிரிவு, எதிர்த்திசையில் ஓட்டுவதையும் சட்டத்துக்கு மாறாக முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதல் என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது: முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் கேமராவும் காவலரும் ஹெல்மெட்டைப் பிடிக்கும் அளவுக்கு, தடம் தாண்டுவதையும் சாலையில் நிறுத்திய டிரெய்லரையும் பிடிப்பதில்லை.

ஆம்புலன்ஸ் என்றதும் இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணூரிலோ மணலியிலோ அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு 108 வண்டி பெரும்பாலும் ஸ்டான்லி மருத்துவமனையை நோக்கித்தான் ஓடுகிறது, கன்டெய்னர்கள் போகும் அதே சாலையில். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சிகிச்சை இலவசமாகக் காத்திருந்தும் அங்கே போய்ச் சேர வழியில்லை என்றால் என்ன பயன்? ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் போக்குவரத்து மந்தமான உடனேயே, சைரன் கேட்பதற்கு முன்பே, இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இன்னும் இடப்பக்கமும் மற்றவர்கள் எல்லோரும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு வழி விட வேண்டும் என்பது சட்டம். சைரன் கேட்ட பிறகு ஒதுங்க நினைத்தால் ஒதுங்க இடம் இருக்காது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் போவது நம் ஊர்க் குற்றம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் காரணமின்றி நடுத்தடத்தை அடைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கேயே அபராதச் சீட்டு கொடுக்கும் அதிகாரம் 2013-இல்தான் போலீஸுக்குக் கிடைத்தது. வேறு சில இடங்களில் பைக்கையே சாலையிலிருந்து விலக்கிவிட்டார்கள்: இலங்கையில் 2011-இல் தெற்கு அதிவேகச் சாலை திறந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அதில் அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையிலும் 2023 ஆகஸ்ட் முதல் அப்படித்தான். வட சென்னையில் அது ஆகாத காரியம். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவரின் வண்டியே பைக்தான். அவரை வெளியேற்ற முடியாது. அவருக்குப் பாதுகாப்பான இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே முதல் வேலை காவல்துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் துறைமுகங்களுக்கும் உரியது. காத்திருக்கும் டிரெய்லர்களுக்குச் சாலைக்கு வெளியே போதிய நிறுத்துமிடம் வேண்டும். கழிப்பறையும் குடிநீரும் உள்ள இடமாக அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் அங்கே போக மாட்டார். மாதவரம் இருநூறடி ரோட்டின் இடது தடம் இரவு பகல் எப்போதும் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் என்று ஆக வேண்டும். அதன் பிறகு வலது ஓரத்தில் உருட்டும் லாரிக்கு அபராதம் போடுவதில் முழு நியாயம் இருக்கும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியைப் பார்த்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டிவிட்டு 1033 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மற்ற சாலை என்றால் 100. கிலோமீட்டர் கல்லையோ அருகிலுள்ள சந்திப்பையோ சேர்த்துச் சொல்லுங்கள். 1033 கட்டணமில்லாத எண், இரவிலும் எடுப்பார்கள்.