வித்வான்களுக்குச் செய்யும் மரியாதை

ஒரு தேசத்தின் சங்கீதத்தை வளர்த்தவர்களுக்கு அத்தேசம் மரியாதை செய்வது தருமமன்று, கடன். அக்கடன் உரியவருக்கு உரிய காலத்தில் தீர்க்கப்படுகிறதா என்பதே கேள்வி.

1927-ம் வருஷம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, 1928-ல் மியூஸிக் அகாடமி தோன்றியது. அதன் வருஷாந்தர மகாநாட்டில் தலைமை வகிக்கும் வித்வானுக்கு ‘சங்கீத கலாநிதி’ என்னும் பட்டம் வழங்கும் முறை 1942-ல் ஏற்பட்டது. கர்நாடக சங்கீத உலகம் இதனைப் பெரும் பேறாகவே மதித்து வருகிறது.

ஆயினும் அப்பட்டம் பெற்றோர் வரிசையை ஊன்றி நோக்குவோமாக. மிருதங்க வித்வான்களுள் முதன்முதலாக அதனைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர், வருஷம் 1966. பெண்மணிகளுள் முதல்வர் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி, வருஷம் 1968. தோடி ராகமென்றால் எவர் பெயர் முதலில் நினைவுக்கு வருமோ, அந்தத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அப்பட்டம் பெறாமலே 1956-ல் காலஞ்சென்றார்.

வருஷத்துக்கு ஒருவருக்கே பட்டம் என்னும்போது சிலர் விடுபடுவது இயல்பன்றோ எனச் சிலர் வாதிக்கலாம். ஒரு வித்வான் விடுபட்டால் அது தற்செயல். மிருதங்கமும் பெண்குலமும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு விடுபட்டால் அது தற்செயலாகாது, வழக்கமாகும். லயமின்றிச் சங்கீதமில்லை என்று மேடையில் முழங்கியவர்களே, லய வித்வானை மேடையின் ஓரத்தில் வைத்திருந்தனர். பிற்காலத்தில் இவ்வழக்கம் திருந்தியது பற்றி நாம் மகிழ்கிறோம்.

ஆனால் கடன் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ராஜரத்தினம் பிள்ளை கையாண்ட ஸ்ருதி தாழ்ந்த பாரி நாயனம், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரின் உளியில் உருவானது. ஆச்சா மரத்தைக் கடைந்து அவ்வூரார் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்துக்கு மரியாதை வந்தது நன்றே. அதனைச் செய்யும் கைகளுக்கு எந்த மேடையில் பொன்னாடை?

சபைகளை நடத்தும் கனவான்களும் சர்க்காரும் இதனைச் சிந்திப்பார்களாக. பாடுபவரோடு, பக்கத்தில் வாசிப்பவரையும் வாத்தியம் சமைப்பவரையும் சேர்த்து எண்ணுவதே தேசத்தின் சங்கீதத்தைக் கௌரவிப்பதாகும். படத்துக்குச் சாத்தும் மாலையைக் காட்டிலும், உயிரோடிருக்கும்போது தோளில் போர்த்தும் துண்டு பெரிது.